சிறப்புப் படைகளின் தலைக்கவசம்

இன்றைய போர்த் தலைக்கவசம் முதல் உலகப் போரின் அகழிகளில் பிறந்தது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பியப் படைகள் போருக்குப் புறப்பட்டபோது பிரெஞ்சு வீரரும் பிரிட்டிஷ் வீரரும் துணித் தொப்பி அணிந்திருந்தனர். ஜெர்மானியரின் தலையில் கூர்முனை பொருத்திய தோல் தொப்பி இருந்தது. சில மாதங்களில் போர் அகழிகளுக்குள் முடங்கியது. அகழியில் நிற்பவரின் உடல் மண்ணுக்குள் மறைந்திருக்கும். தலைதான் வெளியே தெரியும். பீரங்கிக் குண்டுகள் அந்தத் தலைகளுக்கு மேலே வெடித்து ஈயக் குண்டுமணிகளையும் இரும்புத் துணுக்குகளையும் மழையாகக் கொட்டின. மருத்துவமனைகள் தலைக்காயங்களால் நிரம்பின.

முதலில் விழித்துக்கொண்டவர் பிரெஞ்சுப் படையின் தளவாடப் பிரிவு அதிகாரி ஓகுஸ்த்-லூயி அத்ரியான். தொப்பிக்கு அடியில் அணிவதற்கான மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்றை அவர் வடிவமைத்தார். 1915 தொடக்கத்தில் ஏறத்தாழ 7 லட்சம் கிண்ணங்கள் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் அவர் பெயரால் வழங்கும் முழுத் தலைக்கவசமும் வந்தது. பிரிட்டனில் ஜான் லியோபோல்டு பிராடி ஒரே தகட்டை அழுத்தி அகன்ற விளிம்புடன் ஒரு கவசம் செய்தார். ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டறிந்த மாங்கனீசு எஃகு சேர்ந்ததும் அதன் வலிமை கூடியது. ஜெர்மனியில் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட் நெற்றியையும் காதுகளையும் பிடரியையும் மூடும் ஆழமான கவசத்தை உருவாக்கினார். அது 1916இல் வெர்தன் போர்க்களத்தை எட்டியது.

மூன்று நாடுகளும் ஒரே கணக்கைப் போட்டன: மேலிருந்து விழும் துணுக்கைத் தடுத்தால் போதும், நேராக வரும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்க முயல வேண்டாம். முயன்றவர்கள் பட்ட பாடு பெரிது. 1915இல் வோஜ் மலைப் பகுதியில் இருந்த ஒரு ஜெர்மன் படைப்பிரிவு நெற்றியில் 6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு வைத்த கவசத்தைத் தானே செய்துகொண்டது. அதன் எடை ஏறத்தாழ 2 கிலோ. ஷ்வெர்டின் கவசத்திலும் கூடுதல் நெற்றித் தகடு ஒன்றை மாட்ட இடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் யாராலும் நடமாட முடியவில்லை. கழுத்து தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்ற கேள்விதான் அடுத்த நூறாண்டுகளின் எல்லா வடிவமைப்பாளர்களையும் துரத்தியது. சிறப்புப் படைகள் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் மற்றப் படைகளின் பதிலிலிருந்து நெடுங்காலம் வேறுபட்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அந்த வேறுபாடு முதன்முறையாகத் தெரிந்தது. அமெரிக்கா 1941இல் ஏற்ற எம்-1 கவசம் இரண்டு அடுக்குகளால் ஆனது: வெளியே எஃகு ஓடு, உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய உள்கூடு. உள்கூட்டின் தொங்கு பட்டைகள் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் தலைக்கவசத்துக்காக ஜான் ரிடெல் உருவாக்கியவற்றிலிருந்து எடுக்கப்பட்டன. போர் முடிவதற்குள் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்-1 கவசங்கள் செய்யப்பட்டன. காலாட்படைக்கு அது நன்றாகவே பயன்பட்டது. விமானத்திலிருந்து குதிப்பவருக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. பாராசூட் விரியும்போது காற்று விளிம்புக்குள் புகுந்து கவசத்தைப் பிடுங்கும். பாராசூட்டின் கயிறுகள் விளிம்பில் சிக்கும். தரையில் விழும்போது கவசம் கழன்று ஓடும்.

ஜெர்மனி இதை 1930களின் இறுதியிலேயே உணர்ந்து, பாராசூட் வீரர்களுக்கான கவசத்தின் விளிம்பை வெட்டி எறிந்தது. உள்ளே தடித்த மெத்தை வைத்தது. காதுக்கு முன்னும் பின்னும் ஓடிச் சேரும் பட்டைகளால் தலையோடு இறுக்கியது. 1941 மே மாதம் கிரீட் தீவில் குதித்தவர்கள் அணிந்திருந்தது இதைத்தான். பிரிட்டனும் அமெரிக்காவும் தத்தம் பாராசூட் படைகளுக்கு இதேபோன்ற மாற்றங்களைச் செய்தன. பணிக்கேற்ப ஓட்டைக் குறைப்பதும் பிடிப்பைக் கூட்டுவதும் அன்று எடுத்த முடிவுகள். இன்றைய சிறப்புப் படைக் கவசம் வரை இரண்டும் தொடர்கின்றன.

குதித்து இறங்காமல் இருளில் ஊடுருவிய படைகளோ தலைக்கவசத்தையே ஒதுக்கின. பிரிட்டிஷ் கமாண்டோக்கள் திடீர்த் தாக்குதல்களுக்குக் கம்பளித் தொப்பியோடு போனார்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் தலைத்துணியும் தொப்பியும் அணிந்தனர். வியட்நாம் காடுகளில் எதிரியின் பின்புலத்தில் வாரக்கணக்கில் திரிந்த அமெரிக்க வேவுக் குழுக்கள் அகன்ற விளிம்புத் துணித் தொப்பியையோ தலையில் கட்டிய துண்டையோ நம்பின. அசட்டுத் துணிச்சலால் அவர்கள் இப்படிச் செய்யவில்லை. எஃகு ஓடு கிளையில் பட்டால் ஒலிக்கும். காதை மூடினால் சருகு மிதிபடும் ஓசை கேட்காது. வெப்பம் மூளையைக் களைப்படையச் செய்யும். அதன் வடிவம் தூரத்திலிருந்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு எதிரியை முதலில் கேட்பதும் முதலில் பார்ப்பதுமே உயிர்காப்பு. பொருட்கிடங்கில் இருந்த எந்தக் கவசமும் அந்த இரண்டையும் அவர்களிடமிருந்து பறித்தது.

1970களில் பயங்கரவாத எதிர்ப்புப் பணி வந்ததும் நிலைமை மாறியது. விமானத்துக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் நுழைபவருக்கு எதிரி சில அடி தூரத்தில் நிற்பான். அவன் கையில் பெரும்பாலும் கைத்துப்பாக்கி இருக்கும். அந்தத் தூரத்தில், அந்தக் குண்டுக்கு எதிராக ஒரு கவசம் செய்ய முடியும். சுவிட்சர்லாந்தின் டி.ஐ.ஜி. நிறுவனம் டைட்டேனியத்தில் அப்படி ஒன்றைச் செய்தது. 1979 டிசம்பர் 27 அன்று காபூலின் தாஜ்பெக் அரண்மனையைத் தாக்கிய சோவியத் கேஜிபியின் ஆல்ஃபா குழுவினர் அந்தச் சுவிஸ் கவசங்களை அணிந்திருந்தனர். பின்னர் மாஸ்கோவின் எஃகு ஆராய்ச்சி நிலையம் அதைப் பின்பற்றி ‘அல்தின்’ கவசத்தை உருவாக்கியது. டைட்டேனிய ஓட்டுக்கு உள்ளே அராமிடு என்ற வலுவான செயற்கை இழையின் அடுக்கும், முகத்தை மூடும் தடித்த முகமறைப்பும், பொருத்தப்பட்ட ரேடியோவும் அதில் இருந்தன. எடை ஏறத்தாழ 4 கிலோ. சில நிமிடங்களில் முடியும் அதிரடி நுழைவுக்காகச் செய்யப்பட்ட கவசம் என்பதால் அந்த எடையைப் பொறுத்துக்கொண்டார்கள். மேற்கு நாடுகளின் எல்லாப் படைகளும் அந்த வழியில் போகவில்லை. 1980 மே மாதம் லண்டன் ஈரானியத் தூதரகத்துக்குள் நுழைந்த எஸ்.ஏ.எஸ். வீரர்கள் முகமூடித் துணியும் வாயுக் கவசமும் அணிந்திருந்தனர், தலைக்கவசம் அணியவில்லை.

இதற்கிடையில் எஃகின் காலம் முடிந்துகொண்டிருந்தது. டுபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965இல் கண்டறிந்த இழை, கெவ்லார் என்ற பெயரில் 1970களில் சந்தைக்கு வந்தது. அதே எடையுள்ள எஃகைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வலிமை கொண்டது அது. கெவ்லார் துணியைப் பல அடுக்குகளாகப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தினால் கடினமான ஓடு கிடைக்கும். பாய்ந்து வரும் துணுக்கு ஒவ்வோர் அடுக்காக இழைகளை இழுத்து, நீட்டி, அறுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த உழைப்பிலேயே அதன் வேகம் தீர்ந்துவிடும். அமெரிக்கத் தரைப்படை இதில் செய்த பி.ஏ.எஸ்.ஜி.டி. கவசம் 1983 அக்டோபரில் கிரெனடா தாக்குதலின்போது முதன்முறையாகப் போரைக் கண்டது. காதையும் பிடரியையும் மூடிய அதன் வடிவம் பழைய ஜெர்மன் கவசத்தை ஒத்திருந்தது. வீரர்கள் ‘ஃபிரிட்ஸ்’ என்ற ஜெர்மானியப் பெயராலேயே அதை அழைத்தனர். அளவுக்கேற்ப எடை 1.4 கிலோவிலிருந்து 1.9 கிலோ வரை இருந்தது. எம்-1ஐவிட இது இலகுவாகவில்லை. ஆனால் மிகக் கூடுதலான பரப்பை மிகக் கூடுதலான வலிமையோடு காத்தது.

அமெரிக்காவின் டெல்டா படையும் கடற்படை சீல் குழுக்களும் அப்போதும் அதை ஏற்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது கடையில் கிடைக்கும் புரோ-டெக் கவசத்தை: சறுக்குப் பலகை விளையாடும் இளைஞர்களும் படகோட்டிகளும் அணியும் பிளாஸ்டிக் ஓடு. குண்டையோ துணுக்கையோ அது தடுக்காது. ஆனால் ஹெலிகாப்டரின் கதவிலும் கப்பலின் இரும்புப் படியிலும் தலை மோதாமல் காத்தது. ரேடியோ ஹெட்செட்டுக்கு இடம் விட்டது. தலையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலகுவாக இருந்தது. மூடிய இடங்களில் வேகமாக நகர்பவருக்கு மோதல்தான் அன்றாட ஆபத்து என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. கணக்குத் தெரிந்தவர்களே இந்த முடிவை எடுத்தார்கள். அது முழுக் கணக்கு அன்று.

1993 அக்டோபர் 3 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் அந்தக் கணக்குக்கு விலை கொடுக்க நேர்ந்தது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய அமெரிக்கச் சிறப்புப் படைகளின் பணி, இரண்டு ஹெலிகாப்டர்கள் வீழ்த்தப்பட்டதும் மறுநாள் காலை வரை நீண்ட தெருச் சண்டையாகியது. ரேஞ்சர் படையினர் கெவ்லார் கவசம் அணிந்திருந்தனர். அவர்களோடு போரிட்ட டெல்டா வீரர்களின் தலையில் பிளாஸ்டிக் ஓடு. அந்த வீரர்களில் ஒருவர் தலையில் குண்டு பட்டு இறந்தார். அந்தச் சண்டையில் 18 அமெரிக்கரும் நூற்றுக்கணக்கான சோமாலியரும் உயிரிழந்தனர்.

இங்கே ஓர் உண்மையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெவ்லார் கவசம் இருந்திருந்தால் அந்த வீரர் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதிகூற முடியாது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டும் ஏ.கே.-47இன் குண்டும் ஏறத்தாழ ஒரே எடைதான்: 8 கிராம். முன்னது நொடிக்கு 430 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொண்டால் அதன் ஆற்றல் சுமார் 740 ஜூல். பின்னது நொடிக்கு 715 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 2,000 ஜூலைத் தாங்கி வருகிறது. கூரான முனையும் பெரும்பாலும் எஃகு நடுவமும் கொண்டது. அன்றைய எந்த இழைக் கவசமும் அதை நேருக்கு நேர் தடுக்க வடிவமைக்கப்படவில்லை. ஆனால் தெருச் சண்டையில் ஆளைச் சாய்ப்பவை நேரடிக் குண்டுகள் மட்டுமல்ல. சுவரில் பட்டுத் தெறிக்கும் குண்டுகளும் ராக்கெட் எறிகுண்டின் துணுக்குகளும் உண்டு. அவற்றின் முன் பிளாஸ்டிக்குக்கும் கெவ்லாருக்கும் இருந்த வேறுபாடு வெளிப்படையானது. மொகதிஷுவுக்குப் பிறகு விளையாட்டுக் கவசத்தோடு நகரச் சண்டைக்குப் போவதை நியாயப்படுத்துவது கடினமாகிவிட்டது.

சிறப்புப் படைகள் கேட்டது, தம் பணியை உணர்ந்து செய்யப்பட்ட ஒரு குண்டு தடுப்புக் கவசத்தை. அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைத் தலைமையகம் தன் தனிநபர் தளவாடத் திட்டத்தின் கீழ் அதை உருவாக்க முனைந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கவசத்தின் பெயர் ‘மிச்’. கூறுகளை மாற்றிப் பொருத்தக்கூடிய, தொடர்பு வசதி ஒருங்கிணைந்த தலைக்கவசம் என்பது அதன் பொருள். எதைப் பொருத்துவது என்று முதலில் யோசித்து, பிறகு ஓட்டின் வடிவத்தை முடிவு செய்த முதல் பெரிய முயற்சி இதுவே.

மாற்றங்கள் பார்வைக்குச் சிறியவை. நெற்றிக்கு முன்னால் நீண்டிருந்த விளிம்பு போயிற்று. காதுப் பகுதி சற்று மேலே ஏறியது. பழைய கவசத்தோடு ஒப்பிட்டால் மூடும் பரப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவுக்குக் கிடைத்த ஈடு பெரியது. உடல் கவசம் அணிந்த வீரர் தரையில் குப்புறப் படுத்து இலக்கைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால், பழைய கவசத்தின் பிடரி விளிம்பு உடல் கவசத்தின் கழுத்துப்பட்டியில் முட்டும். முன்விளிம்பு கீழிறங்கிக் கண்ணை மறைக்கும். சுட வேண்டிய நொடியில் வீரர் ஒரு கையால் கவசத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். மிச் கவசம் இந்தத் தொல்லையைப் போக்கியது. அதில் மூன்று வடிவங்கள் இருந்தன: ஒன்று முழு அளவு, மற்ற இரண்டிலும் பக்கவாட்டு வெட்டு வேறுபட்டது. முழு அளவுள்ள வடிவத்தைத் தரைப்படை சிறு மாற்றங்களோடு ஏ.சி.எச். என்ற பெயரில் தன் எல்லா வீரர்களுக்கும் ஏற்றது. சிறு குழுக்களுக்காகத் தொடங்கிய வடிவமைப்பு ஒரு பெரும் படையின் பொதுக் கவசமாக மாறச் சில ஆண்டுகளே ஆயின.

உள்ளே நடந்த மாற்றம் இன்னும் முக்கியமானது. எம்-1இலிருந்து வந்த தொங்கு பட்டைகளுக்குப் பதிலாக, அடியைத் தாங்கி அமுங்கும் ஏழு மெத்தைத் துண்டுகள் ஒட்டப்பட்டன. மோவாய்ப் பட்டை நான்கு முனைகளில் பிடித்தது. பாராசூட்டில் இறங்கித் தலைமோதுபவருக்கும், கண்ணிவெடியில் தூக்கி எறியப்பட்ட வாகனத்துக்குள் இருப்பவருக்கும் ஓட்டின் வலிமையைவிட இந்த மெத்தைகளே உதவின. அமெரிக்க மரைன் படை தன் புதிய கவசத்தில் பழைய பட்டைகளையே வைத்திருந்தது. மரைன் ஒருவரின் தாத்தாவான ஓய்வுபெற்ற மருத்துவர் நன்கொடை திரட்டி ஈராக்கில் இருந்த வீரர்களுக்கு மெத்தைகளை அனுப்பத் தொடங்கினார். அந்த இயக்கம் வளர்ந்தது. பாடகி ஷேர் அதற்கு உதவினார். 2006இல் விவகாரம் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை போனது. அதே ஆண்டில் மரைன் படையும் மெத்தைகளுக்கு மாறியது. சிறப்புப் படைகள் கண்டறிந்த ஒரு தேவை சாதாரண வீரரை எட்டுவதற்குக் குடும்பத்தினர் போராட வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது.

அடுத்த பாய்ச்சல் 2000களின் பிற்பகுதியில் வந்தது. பாஸ்டன் நகரின் ஆப்ஸ்-கோர் நிறுவனம் ‘ஃபாஸ்ட்’ கவசத்தை வெளியிட்டது. காதுப் பகுதியை முழுவதுமாக வெட்டி எடுத்த அந்த வடிவமே இன்று உலகெங்கும் சிறப்புப் படைகளின் அடையாளமாகிவிட்டது. வெட்டு எடுக்கப்பட்டதற்குக் காரணம் ஹெட்செட். வெடியோசையை அடக்கி, மெல்லிய பேச்சைப் பெருக்கிக் காட்டும் மின்னணு ஹெட்செட்டுகள் அப்போது பரவலாகியிருந்தன. மூடிய ஓட்டுக்குள் அவற்றைத் திணித்தால் ஓட்டின் விளிம்பு காதுக் கிண்ணத்தை அழுத்தும். சில மணி நேரத்தில் தாங்க முடியாத வலி எடுக்கும். ஓடு மேலேறியதும் காது ஹெட்செட்டுக்குச் சொந்தமானது. பக்கங்களில் விளக்கும் கேமராவும் மாட்டத் தண்டவாளம் போன்ற பிடிகள் வந்தன. பின்புறத்தில் திருகினால் தலையை இறுக்கும் குமிழ் வந்தது. பக்கவாட்டுப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் இவையெல்லாம் கிடைத்தன என்பதை அணிபவர் அறிவார்.

நெற்றியில் இரவுப் பார்வைக் கருவியின் பிடி நிலையான இடம் பிடித்தது. இரவில் போரிடுவதே சிறப்புப் படைகளின் மேலான பலம் என்பதால், கவசத்தின் பணிகளில் கருவியைத் தாங்குவது காப்பதற்குச் சமமாகியது. 2011 மே 2 அன்று அபோட்டாபாத்தில் பின்லேடனின் வீட்டுக்குள் நுழைந்த சீல் வீரர்கள் நான்கு குழல்கள் கொண்ட, பக்கவாட்டிலும் விரிந்து தெரியும் கருவிகளை அணிந்திருந்தனர். அப்படி ஒரு கருவி முக்கால் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அது நெற்றிக்கு முன்னால் தொங்குவதால் கழுத்துத் தசைகள் ஓயாமல் பின்னோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். கவசத்தின் பின்புறத்தில் மின்கலப் பெட்டியையும் எதிர் எடையையும் வைத்துச் சமன் செய்கிறார்கள். சமநிலை கிடைக்கிறது, மொத்த எடை கூடுகிறது. ஆகவே ஓட்டில் குறைக்கப்படும் ஒவ்வொரு நூறு கிராமும் விலைமதிப்பற்றது.

அந்தக் குறைப்பை வேறோர் இழை சாத்தியமாக்கியது. நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் 1970களின் இறுதியில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் உருவாக்கிய முறையில் செய்யப்படும் மிகு மூலக்கூறு எடைப் பாலிஎதிலீன் இழை அது. டைனீமா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலகு. அதே எடையில் கெவ்லாரைவிடச் சிறப்பாகத் துணுக்குகளைத் தடுக்கும். ஆனால் அந்த ஓடு விறைப்புக் குறைந்தது. குண்டு துளைக்காமல் நின்றாலும், பட்ட இடத்தில் ஓடு உள்நோக்கிப் புடைத்து மண்டையோட்டை இடிக்கக்கூடும். களிமண் நிரப்பிய தலை வடிவத்தில் கவசத்தை மாட்டிச் சுட்டு, களிமண்ணில் பதியும் பள்ளத்தின் ஆழத்தை அளப்பது இதற்காகத்தான். ஏ.சி.எச். கவசத்துக்கு முன்னும் பின்னும் 25.4 மில்லிமீட்டர், பக்கங்களிலும் உச்சியிலும் 16 மில்லிமீட்டர் என எல்லை வகுத்தனர். ஃபாஸ்ட் போன்ற கவசங்கள் பாலிஎதிலீனோடு கார்பன் இழையையும் சேர்த்து விறைப்பைப் பெற்றன. தரச் சோதனையில் ஏற்படும் தளர்வு எவ்வளவு கொடியது என்பதை 2010 மே மாதம் காட்டியது: சோதனையில் தேறாத 44,000 ஏ.சி.எச். கவசங்களை அமெரிக்கத் தரைப்படை திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இந்தியாவின் தேர்வு வேறு வகையானது. காஷ்மீரில் எதிர்கொண்டது ஏ.கே.-47 என்பதால், அந்தக் குண்டையே தடுக்க முயன்ற ‘பட்கா’ அங்கே பரவியது. நெற்றியிலும் பின்புறத்திலும் எஃகுத் தகடுகள் வைத்த அந்தக் கவசம் உச்சந்தலையைத் திறந்தே விட்டது. பாராசூட் சிறப்புப் படையினர் உட்படப் பலரும் அந்தக் கனத்தைச் சுமந்து மலைகளில் ஏறினர். மேலிருந்து விழும் துணுக்குக்கு அதில் காப்பு இல்லை. ஹெட்செட்டையும் இரவுக் கருவியையும் மாட்ட முறையான இடமும் இல்லை. 2017 தொடக்கத்தில் கான்பூரின் எம்.கே.யு. நிறுவனத்திடம் 1 லட்சத்து 58 ஆயிரம் இழைக் கவசங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்த பிறகே தரைப்படையில் பெரிய மாற்றம் தொடங்கியது. சிறப்புப் படைகள் அதற்கு முன்பே வெளிநாட்டுக் கவசங்களைச் சிறு எண்ணிக்கையில் அணியத் தொடங்கியிருந்தன.

துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் இலகுவான கவசம் என்ற பழைய ஆசை இப்போது ஓரளவு கைக்கு எட்டுகிறது. பாலிஎதிலீனால் ஆன அமெரிக்காவின் ஈ.சி.எச். கவசம் 2010களில் களத்துக்கு வந்தது. 2018இல் ஆப்கானிஸ்தானில் சில மீட்டர் தூரத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடப்பட்ட ஒரு வீரர் அதன் உதவியால் உயிர் பிழைத்தார். 2024 தொடக்கத்தில் 82ஆம் வான்வழிப் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்ட அடுத்த தலைமுறைக் கவசம் பாதுகாப்பை மேலும் கூட்டியது. ஆனால் சிறப்புப் படையினரின் தலையை வருத்தும் இன்னோர் ஆபத்துக்கு ஓடு இன்னும் விடை தரவில்லை. பூட்டிய கதவுகளையும் சுவர்களையும் வெடிவைத்துத் திறப்பது அவர்களின் அன்றாடப் பயிற்சி. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்த அலையும் கவசத்தின் இடைவெளிகள் வழியாகவும் முகத்தின் வழியாகவும் மூளையை எட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் அந்தச் சிறு அதிர்வுகள் நினைவையும் உறக்கத்தையும் குலைப்பதாக மருத்துவ ஆய்வுகள் கருதுகின்றன. இதற்காகப் படைகள் இப்போது வீரர் தாங்கும் அழுத்தத்தை உணரிகளால் அளக்கின்றன. வெடியிலிருந்து நிற்க வேண்டிய தூரத்தைக் கூட்டுகின்றன. பயிற்சியில் ஒருவர் எத்தனை முறை வெடிக்கு அருகே நிற்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கின்றன.